சர்வரில் மாற்றியது இங்கே ஏன் தெரியவில்லை?

கணினிக் கேள்வி – பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இந்த இதழுக்கு வந்த கேள்விகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. பல கணினிகள் ஒரே சர்வர் ஃபோல்டரைப் பகிரும்போது ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ்தான் அந்த இடம். (கல்லாப்பெட்டிக் கேஷ் அல்ல. அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.) கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.

எங்கள் கூடத்தில் இரண்டு லினக்ஸ் கணினிகள். ஒன்றில் சேலை பார்டர் டிசைன் வரைந்து என்எஃப்எஸ் சர்வரில் சேமிக்கிறோம். தறிக் கொட்டகைக் கணினி அதை எடுத்து எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு அனுப்பும். சில நேரம், திருத்திச் சேமித்த பிறகும் பழைய டிசைனே ஓடுகிறது. சில நேரம் புதிய கோப்பு 'இல்லை' என்கிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகத் தெரிகிறது. சர்வர் கெட்டுவிட்டதா?
— வாசகர், இளம்பிள்ளை

சர்வருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு.

என்எஃப்எஸ் (சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக லினக்ஸ் கணினிகள் பகிரும் முறை) ஒரே ஒரு உறுதியைத்தான் தருகிறது. ஒருவர் கோப்பை மூடும்போது அவர் எழுதியதெல்லாம் சர்வருக்குப் போய்ச் சேரும். அதன்பின் வேறொருவர் அதைத் திறந்தால், அவருடைய கணினி 'இது மாறியிருக்கிறதா?' என்று சர்வரைக் கேட்ட பிறகே திறக்கும். மூடியபின் திறந்தவருக்குப் புதியது கிடைக்கும், அவ்வளவுதான். இன்னும் மூடாமல் எழுதிக்கொண்டிருப்பவருக்கும், காலையிலேயே திறந்து வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பவருக்கும் எந்த உறுதியும் கிடையாது.

திறக்காமல் வெறுமனே 'கோப்பின் நேரம் மாறியதா, அளவு மாறியதா' என்று எட்டிப் பார்க்கும் நிரல்கள் வேறு ரகம். தறிக் கணினியில் இருப்பது பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும். அவற்றுக்குப் பதில் கேஷிலிருந்து வரும். லினக்ஸில் கோப்பின் விவரங்களைக் குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60 விநாடி நம்பிக்கொண்டிருப்பது வழக்கமான அமைப்பு. ஃபோல்டருக்கு அதுவே 30 முதல் 60 விநாடி. கோப்பு மாறாமல் கிடக்கக் கிடக்க இந்தக் கெடு நீளும். அதனால்தான் அரைமணி நேரம் தொடாமல் இருந்த டிசைனைத் திருத்தினால் தாமதம் அதிகமாகவும், அடுத்தடுத்துத் திருத்தும்போது குறைவாகவும் தெரியும்.

முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள். வரையும் கணினியிலும் தறிக் கணினியிலும் அந்தக் கோப்பின் மேல் எம்டி5சம் (உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாள எண் தரும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். அது கோப்பைப் புதிதாகத் திறந்து படிப்பதால் சர்வரை விசாரிக்காமல் விடாது. இரு பக்கமும் ஒரே எண் வந்து, தறியில் மட்டும் பழையது ஓடினால், நிரல் டிசைனைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேஷைத் திட்டிப் பயனில்லை. எண் வேறாக வந்தால் டிசைன் வரையும் மென்பொருள் இன்னும் கோப்பை மூடவில்லை. வரையும் கணினியில் எல்எஸ்ஓஎஃப் கட்டளை கொடுத்தால் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.

'இல்லை' என்று சொல்வது இரண்டாவது கோளாறு. தறிக் கணினி அந்தப் பெயரை ஒருமுறை தேடி, கிடைக்காமல் போனதையும் கேஷில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரின் கெடு தீரும்வரை அடுத்த முறையும் சர்வரைக் கேட்காமலே 'இல்லை' என்று சொல்லிவிடும். 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று அவசரப்பட்டுத் தேடியவருக்குத்தான் தாமதம். தேடாமல் இருந்திருந்தால் முதல் தேடலிலேயே கிடைத்திருக்கும்!

செய்ய வேண்டியது: தறிக் கணினியின் எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த ஃபோல்டரை எப்படி இணைப்பது என்ற பட்டியல்), அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 'ஆக்டிமியோ=3' என்றும் 'லுக்அப்கேஷ்=பாசிட்டிவ்' என்றும் சேருங்கள். முதலாவது நான்கு கெடுக்களையும் 3 விநாடியாக்கும். இரண்டாவது 'இல்லை' என்பதை மட்டும் நினைவில் வைக்காதே என்று சொல்லும். ரீமவுண்டை நம்ப வேண்டாம். முழுக்க அன்மவுண்ட் செய்து (இணைப்பை விலக்கி) திரும்ப மவுண்ட் செய்யுங்கள். 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' கொடுத்தால் உண்மையில் எந்த ஆப்ஷன் அமலில் இருக்கிறது என்று காட்டும்.

'நோஏசி போடு, தீர்ந்தது' என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். அது விவரக் கேஷை அறவே நிறுத்துவதோடு, ஒவ்வொரு முறை எழுதும்போதும் சர்வர் ஏற்கும்வரை காத்திருக்கவும் வைக்கும். பெரிய டிசைன் கோப்பைச் சேமிப்பது ஆமை வேகமாகிவிடும். அப்போதும் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிவிட்ட நிரலை அது திருத்தாது.

இன்னொன்று, இது ஆப்ஷன்களைவிட முக்கியம். டிசைனை நேராகப் பழைய பெயரில் எழுதாமல், அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியதை உடனே சர்வருக்குத் தள்ளி), மூடி, பிறகு பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றம் சர்வரில் ஒரே வெட்டாக நடக்கும். திறப்பவருக்குப் பழையது முழுசாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுசாகக் கிடைக்கும். பாதி பார்டர் பழையது, மீதி புதியது என்று தறியில் ஏறாது.

அப்படிப் பெயர் மாற்றும் முறையைத்தான் நாங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறோம். ஆனால் படிக்கும் கணினியில் அவ்வப்போது 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று பிழை வருகிறதே?
— வாசகர், சூரமங்கலம்

வரத்தான் செய்யும். சர்வர் கோப்பைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஐநோடு எண்ணும் (வட்டில் அந்தக் கோப்புக்குரிய பதிவின் எண்) தலைமுறை எண்ணும் சேர்ந்த ஒரு சீட்டுதான் அடையாளம். புதிய கோப்பு பழையதன் பெயரைப் பிடித்ததும் பழைய ஐநோடு சர்வரில் அழிகிறது. அதைத் திறந்து வைத்திருந்த கணினி பழைய சீட்டை நீட்டினால் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்பதுதான் பதில். படிக்கும் நிரல் இந்தப் பிழை வந்தால் கோப்பை மூடி, பெயரைச் சொல்லி மறுபடி திறக்க வேண்டும். நிரலைத் திருத்த வழியில்லை என்றால், பழைய கோப்புக்கு ஒரு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டு ஒருநாள் வைத்திருந்து அப்புறம் அழியுங்கள்; ஐநோடு உயிரோடு இருக்கும்வரை சீட்டும் செல்லும்.

ஜவ்வரிசி ஆலை. எடை மேடைக் கணினி, கிழங்கு லோடு வரவர ஒரு பொதுக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும். லேப் கணினி அதே கோப்பில் மாவுச்சத்து பாயிண்ட்டைச் சேர்க்கும். சீசனில் சில வரிகள் காணாமல் போகின்றன. சில இடங்களில் வெற்றுக் குப்பை எழுத்துகள். இரண்டு நிரலும் 'கடைசியில் சேர்' முறையில்தான் திறக்கின்றன.
— வாசகர், ஆத்தூர்

உள்ளூர் வட்டில் 'கடைசியில் சேர்' என்றால் கர்னலே (இயங்குதளத்தின் மையம்) கடைசி எது என்று பார்த்து, இடையில் யாரையும் விடாமல் எழுதும். என்எஃப்எஸ் நெறிமுறையில் 'கடைசியில் சேர்' என்ற கட்டளையே இல்லை. 'இந்த இடத்தில் இதை எழுது' என்பதுதான் உண்டு. எனவே கடைசி எது என்பதை ஒவ்வொரு கணினியும் தன் கேஷில் உள்ள அளவை வைத்துத் தானே முடிவு செய்கிறது. எடை மேடை 48,200-வது பைட்டில் கோப்பு முடிகிறது என்று நினைக்கிறது, லேப்பும் அதையே நினைக்கிறது. இரண்டும் அங்கேயே எழுதும்போது பின்னால் வந்தது முன்னால் வந்ததை மிதித்துவிடுகிறது. நீளமான வரியைக் குட்டை வரி மிதித்தால் நீள வரியின் வால் மட்டும் அநாதையாக நிற்கும். வெற்று எழுத்துகள், எழுதியவை வரிசை மாறிச் சர்வருக்கு வந்ததன் தடம். பின்பகுதி முதலில் வந்துவிட்டால் நடுவில் சுழியங்கள் நிற்கும். முன்பகுதி வந்து நிரப்பும் முன் யாராவது படித்தால் அந்தச் சுழியங்களே அவர் கையில் கிடைக்கும்.

எளிய மருந்து, கணினிக்கு ஒரு கோப்பு. எடை மேடை தன்னுடையதில் எழுதட்டும், லேப் தன்னுடையதில் எழுதட்டும். லோடு எண்ணை வைத்து அலுவலகக் கணினி இரண்டையும் சேர்த்துக்கொள்ளட்டும். சீசன் நெருக்கடியில் இதைவிட நம்பகமான வழி கிடையாது.

ஒரே கோப்புதான் வேண்டும் என்றால் பூட்டு போட வேண்டும், அதுவும் வரிசை தவறாமல். எஃப்சிஎன்டிஎல் பூட்டைப் பெறுங்கள். பூட்டு கிடைத்ததும் கணினி தன் கேஷைச் சர்வரோடு சரிபார்த்துக்கொள்ளும். பிறகு கோப்பின் கடைசிக்கு நகர்ந்து எழுதி, எஃப்சிங்க் செய்து, அதன் பிறகே பூட்டை விடுங்கள். நிரலின் உள் பஃபரில் வரி தங்கியிருக்கும்போதே பூட்டை விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வரி பிறகு வெளியே வரும்போது காவல் போயிருக்கும்.

பூட்டு உண்மையில் சர்வர்வரை போகிறதா என்றும் பாருங்கள். என்எஃப்எஸ் பதிப்பு 3 மவுண்டில் 'நோலாக்' ஆப்ஷன் இருந்தால் பூட்டு அந்தக் கணினியோடு நின்றுவிடும். தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிக்கொண்டு ஊரையே பூட்டிவிட்டதாக நினைப்பது மாதிரி. பதிப்பு 3-க்குப் பூட்டுச் சேவை தனி போர்ட்டுகளில் இயங்குகிறது. ஃபயர்வால் அதை மறித்தால் நிரல் பூட்டு கேட்டுத் தொங்கிக்கொண்டே இருக்கும். பதிப்பு 4-ல் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே வந்துவிட்டது, போர்ட் 2049 ஒன்று போதும். முடிந்தால் அதற்கு மாறுங்கள்.

பலர் அடுத்து எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸுக்குத் தாவுவார்கள். அதன் 'வால்' (டபிள்யூஏஎல்) முறை எல்லாக் கணினிகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதை எதிர்பார்க்கிறது. நெட்வொர்க் ஃபோல்டரில் வேலை செய்யாது. டேட்டாபேஸ் வேண்டுமென்றால் சர்வரிலேயே ஓடும் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒன்றை வைத்து, கணினிகள் அதனோடு பேசட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். லினக்ஸில் சாம்பா சர்வர். நான்கு விண்டோஸ் கணினிகளில் பழைய பில்லிங் நிரல், டிபிஎஃப் கோப்புகளோடு. வாரம் ஒருமுறை இண்டெக்ஸ் கெட்டு, மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.
— வாசகர், சேலம்

சாம்பா தரும் விண்டோஸ் பகிர்வில் (எஸ்எம்பி நெறிமுறை) விதி வேறு. இங்கே சர்வர் ஒரு கணினிக்கு 'இந்தக் கோப்பை இப்போது நீ மட்டுமே வைத்திருக்கிறாய். எழுதுவதை உன்னிடமே வைத்துக்கொள், இன்னொருவர் வந்தால் சொல்கிறேன்' என்று உரிமம் கொடுக்கிறது. இதன் பெயர் ஆப்லாக், எஸ்எம்பி 2.1 முதல் லீஸ். இன்னொருவர் திறக்க வந்ததும் சர்வர் உரிமத்தைத் திரும்பக் கேட்கும். முதல் கணினி வைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டிய பிறகே இரண்டாமவர் உள்ளே போகலாம். ஏற்பாடு சரியானதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கேபிள் ஆடினாலோ, கணினி தூங்கப் போனாலோ, கொட்ட வேண்டியது கொட்டப்படாமலே போய்விடும். டிபிஎஃப் (தரவுக் கோப்பு) போனால் ஒரு வரியோடு போகும். இண்டெக்ஸ் அப்படியல்ல, ஒரு பக்கம் போனாலும் மரம் முழுதும் சாயும்.

சாம்பா அமைப்புக் கோப்பில் அந்தப் பகிர்வின் கீழ் இந்த வரியைச் சேருங்கள்: வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ் = /*.டிபிஎஃப்/*.சிடிஎக்ஸ்/ (உங்கள் இண்டெக்ஸின் வால்பெயர் எதுவோ அதைப் போடவும்). டெஸ்ட்பார்ம் ஓட்டி எழுத்துப்பிழை பாருங்கள். எல்லாரும் நிரலை மூடித் திறந்த பிறகு எஸ்எம்பிஸ்டேட்டஸ் கொடுத்தால், அந்தக் கோப்புகளுக்கு எதிரே ஆப்லாக் பத்தியில் 'நன்' என்று இருக்க வேண்டும். பகிர்வு முழுதுக்கும் ஆப்லாக்கை நிறுத்தாதீர்கள். கொலுசுப் படங்களைத் திறப்பதெல்லாம் வீணாக மெதுவாகும். விண்டோஸ் பக்கம் ரெஜிஸ்ட்ரியில் ஆப்லாக்கை அணைக்கச் சொல்லும் பழைய வித்தை எஸ்எம்பி 1 காலத்தது. இப்போது அதற்கு வேலையில்லை.

'சர்வரில் இருக்கிறது, விண்டோஸில் சில விநாடி தெரியவில்லை' என்ற தொல்லையும் உங்களுக்கு இருக்கக்கூடும். விண்டோஸ் கணினி ஃபோல்டர் பட்டியலையும் கோப்பு விவரத்தையும் 10 விநாடி, 'இல்லை' என்ற பதிலை 5 விநாடி நினைவில் வைக்கும். லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில் ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம் மதிப்பை 0 ஆக்கினால் அந்த 5 விநாடி போகும்.

அதே ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாகவும் ஒரு லினக்ஸ் கணினி எழுதுகிறது என்றால் 'கர்னல் ஆப்லாக்ஸ் = யெஸ்' தேவை. இல்லாவிட்டால் என்எஃப்எஸ் பக்கம் நடப்பது சாம்பாவின் காதுக்கே எட்டாது.

காப்பி எஸ்டேட் அலுவலகம். சேலம் தலைமை அலுவலக சர்வரை இங்கிருந்தே என்எஃப்எஸ்ஸில் மவுண்ட் செய்திருக்கிறோம். மழை வந்தால் லைன் போகும். கணினி உறைந்துவிடுவதால் 'சாஃப்ட்' ஆப்ஷன் போட்டோம். உறைவது நின்றது, ஆனால் சில கோப்புகள் பாதியில் அறுந்து கிடக்கின்றன.
— வாசகர், ஏற்காடு

அறுந்ததற்குக் காரணம் 'சாஃப்ட்'தான். சர்வர் பதில் தராவிட்டால், குறித்த முறை முயன்ற பிறகு அது நிரலிடம் பிழையைக் கொடுத்துவிட்டுக் கைவிடும். கேஷில் இருந்து இன்னும் போகாத எழுத்துகளின் கதி அதோடு முடிந்தது. அந்தப் பிழை பெரும்பாலும் எழுதும்போது தெரியாது. எஃப்சிங்க் செய்யும்போதோ மூடும்போதோதான் திரும்பி வரும். மூடும்போது வரும் பிழையைக் கவனிக்காத நிரல்கள் ஏராளம். 'ஹார்டு'க்கே திரும்புங்கள். உறைவது எரிச்சல்தான், ஆனால் லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'டைமியோ' எண் விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்பதையும் பலர் மறக்கிறார்கள்: 600 என்றால் 60 விநாடி.

பூட்டு விஷயத்திலும் மலை லைன் காலை வாரும். பதிப்பு 4-ல் பூட்டு ஒரு லீஸின் (கெடுவுள்ள உரிமத்தின்) மேல் நிற்கிறது. லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 விநாடி. அதற்குள் உங்கள் கணினி தலைகாட்டாவிட்டால் சர்வர் அந்தப் பூட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

'எஃப்எஸ்சி' ஆப்ஷனும் கேஷ்ஃபைல்ஸ்டி சேவையும் படித்ததை உள்ளூர் வட்டில் வைத்துக்கொள்ளும். பெரிய கோப்புகளை மலைமேல் திரும்பத் திரும்ப இழுக்கும் வேலை மிச்சம். ஆனால் ஒவ்வொரு திறப்பிலும் சர்வரைக் கேட்பது நிற்காது. லைன் இல்லாதபோது அது உதவவும் உதவாது. எங்கள் யோசனை, ஏற்காட்டில் எழுதுவதை ஏற்காட்டு வட்டிலேயே எழுதி, இரவில் ஆர்சிங்க் (மாறியதை மட்டும் பிரதியெடுக்கும் கட்டளை) மூலம் கீழே அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்பையும் ஒரு பக்கம் மட்டுமே திருத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் அலுவலகத்துக்கு நேரடி மவுண்ட் ஒத்துவராது.

அச்சகத்தில் கரண்ட் போய் வந்த பிறகு, 'சேமித்தாயிற்று' என்று காட்டிய பக்கங்கள் சர்வரில் இல்லை. கணினிகளுக்கு யூபிஎஸ் உண்டு, சர்வருக்கு இல்லை.
— வாசகர், கிச்சிப்பாளையம்

சர்வரில் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி' கொடுங்கள். 'ஏசிங்க்' என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பதிப்பு 3 முதல், கணினி எழுதியதை அனுப்பிவிட்டு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 'வட்டில் இறங்கிவிட்டது' என்று சர்வர் உறுதி சொன்ன பிறகே அதை விடும். இடையில் சர்வர் விழுந்து எழுந்தால், அது தரும் சரிபார்ப்பு எண் மாறியிருக்கும். அதைக் கண்டதும் கணினி எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். கரண்ட் வெட்டுக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. 'ஏசிங்க்' போட்ட சர்வர் நினைவகத்தில் இருக்கும்போதே 'இறங்கிவிட்டது' என்று பொய் சொல்கிறது. கணினியும் நம்பித் தன் பிரதியை விட்டுவிடுகிறது. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'சிங்க்' என்று மாற்றி 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுங்கள். நாஸ் பெட்டி (தயாராக வரும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) என்றால் அதன் அமைப்புப் பக்கத்தில் தேடுங்கள். யூபிஎஸ்ஸை ஒரு கணினியிலிருந்து கழற்றிச் சர்வருக்கு மாட்டினாலும் தவறில்லை.

பொறியியல் மாணவன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சர்வரைக் கேட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே? ஏன் அப்படிச் செய்யவில்லை?
— வாசகர், ஓமலூர்

கணக்குப் போடுங்கள். உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரு கேள்வி-பதிலுக்கு 0.3 மில்லிவிநாடி என்று வைத்தால், 10,000 கோப்புள்ள புராஜெக்டில் கோப்புக்கு ஒரு கேள்வி கேட்கவே 3 விநாடி. 20 மில்லிவிநாடி லைனில் 200 விநாடி. இன்னும் ஒரு பைட்கூடப் படிக்கவில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களில் என்எஃப்எஸ்ஸை வடித்தபோது, யார் எதைத் திறந்திருக்கிறார் என்று சர்வர் நினைவில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அப்போதுதான் சர்வர் விழுந்து எழுந்தாலும் குழப்பமில்லை. யாரையும் நினைவில் வைக்காதவர் யாருக்கும் தகவல் சொல்லவும் முடியாது. அதனால்தான் கணினிகளே கெடு வைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஏஎஃப்எஸ் மறுபக்கம் போனது: கோப்பு மாறினால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று சர்வர் வாக்குக் கொடுக்கும். பெர்க்லியின் ஸ்பிரைட் இயங்குதளம், ஒருவர் எழுத மற்றவர் திறந்திருந்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் கேஷையே நிறுத்தியது. வாக்குப் பெற்ற கணினி செத்துப்போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? 1989-ல் ஆய்வாளர்கள் கிரேயும் செரிட்டனும் தங்கள் கட்டுரையில் இதற்கு விடை சொன்னார்கள்: வாக்குக்கு ஒரு கெடு வை, அதுதான் லீஸ். என்எஃப்எஸ் பதிப்பு 4-ன் டெலிகேஷன் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் சர்வர் இஷ்டம். கொடுக்காதபோது, மேலே இளம்பிள்ளைக்காரருக்குச் சொன்ன பழைய விதிதான்.

பதிப்பு 4 இன்னொரு ஓட்டையையும் அடைத்தது. பதிப்பு 3-ல் 'மாறியதா' என்பதற்குச் சாட்சி கோப்பின் நேரமும் அளவும்தான். லினக்ஸின் பழைய இஎக்ஸ்டி3 முறையில் அமைத்த வட்டில் நேரம் முழு விநாடிக் கணக்கு. ஒரே விநாடிக்குள் இரண்டு முறை, அளவு மாறாமல் திருத்தினால் இரண்டாவது திருத்தம் கண்ணில் படாமலே போகலாம். பதிப்பு 4-ல் அதற்கென்றே ஒரு மாற்ற எண் உண்டு.

பகிர்ந்த ஃபோல்டரில் '.என்எஃப்எஸ்' என்று தொடங்கி நீள எண்ணோடு கோப்புகள் முளைக்கின்றன. அழித்தாலும் வருகின்றன. வைரஸா?
— வாசகர், அஸ்தம்பட்டி

இல்லை. ஒரு கணினியில் ஏதோ நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அதே கணினியில் யாரோ அழித்திருக்கிறார்கள். நிரல் பாதியில் அறுந்துவிடக் கூடாதென்று கணினி அதை அழிக்காமல் அப்படிப் பெயர் மாற்றி ஒளித்து வைக்கிறது. கணினிகளில் ஒவ்வொன்றாக எல்எஸ்ஓஎஃப் கொடுத்து, எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மூடுங்கள். கோப்பு தானே போய்விடும். எந்தக் கணினியிலும் யாரும் பிடிக்காமல் பழைய தேதியோடு கிடப்பவை, கணினி திடீரென்று அணைந்ததில் மிஞ்சியவை. அவற்றைச் சர்வரிலிருந்தே அழிக்கலாம்.